வடக்கு வீதியின் தடத்தில்: மாத்தளை மாவட்டத்தில் நிழற்படத் தொடருக்கான நடைவழிகளைத் தேர்தல்

நிழற்படத் தொடர் என்பது ஒரே பொருளைக் குறித்து ஒரே நோக்குடன் எடுக்கப்பெற்று, குறித்த வரிசையில் அடுக்கப்பெற்ற படங்களின் தொகுதியாகும். தனிப்படம் தன் சட்டத்துக்குள் அடங்கியதை மட்டும் சொல்ல, தொடரானது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கிடக்கும் தொலைவையும் காலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஊர்ப்புறத்தையும் மரபுச் சின்னங்களையும் பொருளாகக் கொண்ட தொடரில் அந்தத் தொலைவைக் கால்களே அளப்பதால், எவ்வழியே நடப்பது என்னும் தீர்மானம், எந்தக் கருவியால் எடுப்பது, எந்த வேளையில் எடுப்பது என்னும் தீர்மானங்களுக்கெல்லாம் முந்தியதாகிறது. அந்த முதல் தீர்மானத்தை மாத்தளை மாவட்டத்தை இடமாகக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். இங்கு நடைவழி தேடுவோர் பெயர்பெற்ற காட்சியிடங்களை ஒன்றோடொன்று கோத்து வழியமைக்காமல், மனிதர் நடந்து நடந்து உண்டாக்கிய வழியொன்றை முதலில் எடுத்துக்கொண்டு, அவ்வழி தொட்டுச் செல்பவற்றையே படமாக்க வேண்டும் என்பது இவ்வுரை முன்வைக்கும் கருத்து.

மாத்தளை மாவட்டம் இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டி மாவட்டத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 2,000 சதுரக் கிலோமீற்றர் பரப்பில் அமைந்தது. அதன் தென்பகுதி தேயிலையும் கொக்கோவும் மிளகும் விளையும் ஈரமலை நாடு. வடபகுதி குளங்களும் வயல்களும் பற்றைக்காடுகளும் நிறைந்த உலர்வலயம். கிழக்கெல்லையில் தும்பறை மலைத்தொடர், அதாவது நக்கிள்ஸ் என வழங்கும் மலைகள், சுவர்போல் எழுந்து நிற்கின்றன. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மாத்தளை, நாலந்த, நாவுல, தம்புள்ளை என இம்மாவட்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துப் போகிறது. மலைநாடு எங்கே முடிந்து சமவெளி எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே நாளின் பயணத்தில் கண்ணால் காணக்கூடிய மாவட்டம் இது. மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான இந்த வாயில் தன்மையே அதன் வரலாற்றை ஆக்கியது. படையெடுத்து வந்தோரும் வணிகரும் யாத்திரிகரும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரும் இவ்வாயில் வழியே நடந்தவர்கள்.

மரபுச் சின்னங்களை ஒழுங்குமுறையாகப் படமாக்கும் முயற்சி நிழற்படக்கலையின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. பிரெஞ்சு அரசு 1851இல் ஐந்து படப்பிடிப்பாளரை நாட்டின் வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பிப் பழங்கட்டடங்களைப் பதிவுசெய்வித்தது. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஸ்டோன் 1897இல் தேசிய நிழற்படப் பதிவுச் சங்கத்தை நிறுவி, ஊரார் தத்தம் ஊர்களின் கட்டடங்களையும் வழக்கங்களையும் எடுத்த படங்களைத் திரட்டிப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்ப்பித்தார். தமிழ்நாட்டில், சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை, சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து, 21 படங்களாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடிக்கும் மேற்பட்ட ஒரே நெடும்படமாக ஆக்கினார். நடையே படத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது. கல்வெட்டை வாசிப்பவர் நடந்தே வாசிக்க வேண்டியிருந்தது, படமும் அந்நடையையே பின்பற்றியது. இலங்கையில் கண்டியைத் தளமாகக் கொண்டிருந்த ஜோசப் லோட்டன், தொல்லியல் குழுவின் பணிப்பின்பேரில் 1870–71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். காடு மூடிய கற்களை அவற்றின் அளவும் அமைப்பும் விளங்கும்படி காட்டிய அப்படங்கள் இன்றும் தொல்லியலாளருக்குப் பயன்படுகின்றன.

ஆயினும் லோட்டன் கருவிகளோடு வடக்கே சென்ற அதே காலத்தில், மாத்தளையூடாக எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கான தமிழர் நடந்து வந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய நடையைப் பதிவுசெய்யும்படி எவருக்கும் எந்தக் குழுவும் பணிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் படத்தில் வரவேயில்லை என்பதன்று. கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய வணிகப் படநிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்களையும் கங்காணிகளையும் அஞ்சலட்டைப் படங்களாக விற்றன. 1875இல் இலங்கைக்குக் குடிவந்த புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரட் கமரனும் தோட்டங்களில் வேலைசெய்தோரைப் படமாக்கினார். ஆனால் இப்படங்களில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர்கள் வந்த வழி இல்லை. மாத்தளையில் இன்று நடைவழி தேர்ந்து படத்தொடர் அமைக்க முனைவோர் முதலில் ஈடுசெய்ய வேண்டிய குறை இதுவே.

அவ்வழி வரலாற்றில் வடக்கு வீதி எனப்படும். 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோதே தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1840களில் கண்டி, மாத்தளை மலைகளில் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது அவ்வருகை பெருவெள்ளமாயிற்று. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களின் ஊர்களிலிருந்து, தம்மைத் திரட்டி அழைத்துவரும் கங்காணியின் பின்னே கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது மைல் தூரம், நீரும் நிழலும் அரிதான காடுகளின் ஊடாக, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த வழியே அவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். கோப்பி அறுவடைக்காலத்துக்கு வந்து, அறுவடை முடிந்ததும் கையிருப்பைக் கட்டிக்கொண்டு அதே வழியே ஊர் திரும்புவது அந்நாளைய வழக்கமாதலால், ஒரே மனிதர் அவ்வீதியைப் பலமுறை நடந்திருக்கக்கூடும். வாந்திபேதி எனப்பட்ட கொலராவும் மலேரியாக் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பெருந்தொகையினரைக் கொன்றன. இறந்தவர்கள் வீதியோரத்திலேயே விடப்பட்டனர் அல்லது புதைக்கப்பட்டனர். எத்தனை பேர் என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்; டொனவன் மோல்ட்றிச் 1989இல் வெளியிட்ட கோப்பித் தொழிலாளர் வரலாற்று நூல் இத்துயரை விரிவாக எடுத்துரைத்த நூல்களில் ஒன்று. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய், அதாவது கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாய்ப் படரும் பூஞ்சண நோய், அடுத்த இரு பத்தாண்டுகளில் கோப்பியை வீழ்த்தித் தேயிலைக்கு இடம்விட்டது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவதால் தொழிலாளரும் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. பின்னர் ரயிலும் கப்பலும் வேறு வழிகளைத் திறந்தபின் காட்டு வழி நடை நின்றுபோயிற்று.

இவ்வழியைப் படமாக்குவதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. காட்டுவதற்கு அங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை. கல்லறைகள் இல்லை, பெயர்ப்பலகைகள் இல்லை. பழைய வீதியின் மீதே நெடுஞ்சாலை படிந்துவிட்டது. சீகிரியாவில் நிற்பவருக்குப் பாறையே பேசிவிடுகிறது. நாவுலைக்கும் நாலந்தவுக்கும் இடைப்பட்ட வளைவொன்றில் நிற்பவர் காண்பதோ கடைகளும் லொறிகளும் மாமரங்களும்தாம். தனிப்படம் இங்கே தோற்றுவிடுகிறது. தொடர் மட்டுமே, அதுவும் நடையின் ஒழுங்கில் அமைந்த தொடர் மட்டுமே, இவ்விடத்தில் ஏதேனும் சொல்ல இயலும்; ஏனெனில் நடந்தவர்கள் கண்டது ஒரு காட்சியை அன்று, நாள்தோறும் மெல்ல மாறிய நிலத்தையே. காய்ந்த பற்றைக்காடு, பிறகு குளக்கரை, பிறகு தொலைவில் நீலமாய்த் தெரியத் தொடங்கும் மலை, பிறகு ஈரக்காற்று, பிறகு ஏற்றம் என்னும் அந்த வரிசையை வடக்கிலிருந்து தெற்காக, அவர்கள் நடந்த திசையிலேயே, படம்பிடிக்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே எடுத்துப் பின்னர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம் எனக் கருதுவது தவறு. முகத்துக்கு நேரே மலை வளர்ந்து வருவதைப் பார்க்கும் கண்ணும், முதுகுக்குப் பின்னே மலையை விட்டுப்போகும் கண்ணும் ஒரே இடத்தில் ஒரே படத்தை எடுப்பதில்லை.

இத்தகைய நடை இயலாததன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் குடிசார் அமைப்புகள் ஒன்றிணைந்து நடத்திய நடைபயணம் 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. முன்னோர் நடந்த வழியை அவர்தம் வழித்தோன்றல்கள், வழியிலுள்ள ஊர்களின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களோடு உறவாடிக்கொண்டே மீண்டும் நடந்தனர். நிலத்துக்கும் வீட்டுக்கும் நியாயமான கூலிக்குமான கோரிக்கைகளும் அவர்களோடு நடந்தன. அந்நடையின்போது எடுக்கப்பட்ட படங்கள் நிகழ்வைப் பதிவுசெய்தன. வழியைப் பதிவுசெய்யும் வேலை, அதாவது கூட்டம் கலைந்த பின்னரும் வீதியின் ஒவ்வொரு கட்டத்தையும் பொறுமையாகப் பார்த்துப் படமாக்கும் வேலை, இன்னும் செய்யத்தக்கதாகவே இருக்கிறது. முழுவழியும் ஒருவருக்கு மிகையெனின், மாத்தளை மாவட்டத்துக்குள் அடங்கும் தம்புள்ளை–மாத்தளைப் பகுதி ஏறத்தாழ 45 கிலோமீற்றர். அதனைப் பல சிறு நடைகளாகப் பகுத்துக்கொள்ளலாம். ஏ9 வீதியில் வாகன நெரிசல் மிகுதியாதலால் வீதியோரத்திலேயே நடப்பது ஆபத்தானது. வீதியை ஒட்டிச் செல்லும் வாய்க்கால் வரம்புகளையும் ஊர்ப்பாதைகளையும் பயன்படுத்தி, வீதியைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே நடக்கும்படி திட்டமிடுவது நலம்.

வழியின் முடிவிடமாகிய மாத்தளை நகரத்தையே தனியொரு நடையாகக் கொள்ளலாம். அரைநாளில் முடியும் அந்நடை ஈராயிரம் ஆண்டுகளைத் தொட்டுச் செல்லும். தெற்கில் புகையிரத நிலையம்: கண்டியிலிருந்து 1880இல் இங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை இதற்கப்பால் வடக்கே செல்லவில்லை என்பதால், தண்டவாளம் முடியும் இடமே ஒரு படப்பொருளாகிறது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொக்கோவையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக அமைந்த பாதை அது. நகரின் கல்லறைத் தோட்டத்தின் வாயிலாய் இன்று நிற்கும் வளைவு, 1803இல் கண்டியரசின்மீது பிரித்தானியர் தொடுத்த முதற்போரின்போது கட்டப்பட்ட மக்டவல் கோட்டையில் எஞ்சியது. கோட்டையின் சுவர்கள் மறைந்து வாயில் மட்டும் நிற்பதும், அது இறந்தோரின் இடத்துக்கு வழியாகியிருப்பதும், படமெடுப்பவர் எதையும் கூட்டிச் சொல்லாமலே விளங்குவன.

இந்நகரில்தான் 1848 ஜூலை 28ஆம் திகதி கிளர்ச்சியாளர் அரசுக் கட்டடங்களைத் தாக்கினர். கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பெற்று, வீரபுரன் அப்பு முதலியோருடன் மாத்தளை நோக்கி வந்தார். புரன் அப்பு பிடிபட்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். மாத்தளைக் கிளர்ச்சி எனப்படும் இந்நிகழ்வின் காரணங்களுள் துப்பாக்கி வரியும் நாய் வரியும் அடிக்கடி சொல்லப்படுவன. நடைவழியை ஆராயும் இவ்வுரைக்கு மூன்றாவது காரணமே முதன்மையானது. வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்றது அவ்வாண்டின் வீதிச் சட்டம். தோட்டங்களுக்குப் பயன்படும் வீதிகளைத் தம் உழைப்பால் அமைக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட சிங்களக் குடியானவரும், அவ்வீதிகளில் நடந்துவந்து மடிந்த தமிழ்த் தொழிலாளரும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளில் நின்றனர். மாத்தளையின் படத்தொடர் இவ்விரு வரலாறுகளையும் தனித்தனி நூல்களாகப் பிரிக்காமல் ஒரே வீதியின் மீது வைத்துக் காட்டுமாயின், அரசியல் மேடைகளில் இன்றும் எளிதில் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லிவிடும்.

முத்துமாரியம்மன் கோயில் அவ்வீதியிலேயே அமைந்தது. வழிநடையின் முடிவில் மரத்தடியில் வணங்கப்பட்ட அம்மனுக்கு 1874இல் கோயில் எழுந்தது. அதன் இராசகோபுரம் 108 அடி உயரமுடையது. 1983 ஜூலை வன்செயலில் கோயில் சேதமுற்றுத் தேர்களும் தீக்கிரையாயின. புதிய தேர்கள் செய்யப்பட்டு, மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் நகர வீதிகளில் மீண்டும் உலா வருகின்றன. சுதைச் சிற்பங்கள் செறிந்த கோபுரத்தின் முழுவுருவை எடுப்பதில் படப்பிடிப்பாளர் பெரிதும் நாட்டங்கொள்வர். தேர்நாளில் கோபுரத்தை விட்டு வடத்தைப் பற்றியிருக்கும் கைகளின் பக்கம் கருவியைத் திருப்புவதே இவ்வுரையின் பரிந்துரை; தோட்டங்களிலிருந்து நடந்தும் பஸ்ஸில் நெருங்கியும் வந்து சேர்ந்தவர்களின் கைகள் அவை. கருவறையைப் படமெடுப்பது மரபன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பிற மண்டபங்களிலும் கோயிலாரின் ஒப்புதல் பெற்ற பின்னரே எடுக்கலாம். நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில், அதே ஏ9 வீதியோரம், அலுவிகாரை இருக்கிறது. கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்ட பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் எனப் பௌத்தர் போற்றும் குகைவிகாரை அது. 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. மாரியம்மன் கோயிலிலிருந்து அலுவிகாரை வரையான இந்தக் குறுநடையில், எரிந்து மீண்ட இரு வழிபாட்டிடங்களை ஒரே வீதி இணைக்கிறது.

வீதியில் மேலும் வடக்கே, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் நாலந்தக் கெடிகே தோன்றும். கெடிகே என்பது கூரையும் கல்லாலோ செங்கல்லாலோ அமைந்த படிமை இல்லத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததாகக் கருதப்படும் இக்கட்டடத்தைக் காணும் தமிழர் ஒருகணம் தாம் மாமல்லபுரத்தில் நிற்பதாகவே எண்ணுவர். அடித்தள வரிகளும் அரைத்தூண்களும் குதிரைலாட வடிவக் கூடுகளும் பல்லவ மரபின் கைவண்ணத்தை வெளிப்படையாகக் காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் காஞ்சியில் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் பெற்று, பல்லவப் படையின் துணையோடு திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்ததை மகாவம்சம் கூறுகிறது. கல்தச்சரும் கலைமரபும் கடல் கடந்தமைக்கு இத்தகைய உறவுகள் வழிவகுத்திருக்கும். கட்டடத்தின் வடிவம் திராவிடம், வழிபாடு பௌத்தம். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பழகிய அண்மைக்கால மனத்துக்கு இக்கற்கள் நல்லதொரு பாடசாலை.

படப்பிடிப்பாளருக்கு நாலந்த வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. கெடிகே இன்று நிற்கும் இடம் அது முதலில் நின்ற இடமன்று. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய இடம் நீருள் அமிழவிருந்தமையால், கட்டடம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியமைத்த திட்டில் மீண்டும் கட்டப்பட்டது. எகிப்தில் அஸ்வான் அணையின் பொருட்டு அபு சிம்பல் கோயில்கள் 1960களில் இடம்பெயர்க்கப்பட்டதை ஒத்த வேலை இது. நீரோடும் மரங்களோடும் கெடிகே இசைந்து நிற்பதாகக் காட்டும் அழகிய படம், அது அங்கேயே தோன்றி வளர்ந்தது போன்ற பொய்யைச் சொல்லிவிடக்கூடும். ஆகவே தொடரில் அணைக்கட்டும், நீர்த்தேக்கத்தின் ஏறி இறங்கும் கரைக்கோடும், பொருந்தாத கற்களுக்கு இடையே தெரியும் இணைப்புகளும் கட்டாயம் இடம்பெறவேண்டும். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழியே உக்குவளைக்கு வந்து, மின்னாக்கிய பின் சுது கங்கையில் கலந்து, அங்கிருந்து போவத்தென்னவுக்கு வருகிறது. நீரின் அவ்வழியையே தனியொரு நடைத்தொடராக அமைத்து, உக்குவளையில் தொடங்கி நாலந்தவில் முடிக்க விரும்புவோரும் உளர் எனின், அது மிகப் பொருத்தமான தேர்வேயாகும்.

தம்புள்ளையையும் சீகிரியாவையும் பற்றி இவ்வுரை சுருங்கச் சொல்லியே அமையும். சீகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகைவிகாரை 1991இலும் யுனெஸ்கோவின் உலகமரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவோர் நாள்தோறும் அவற்றைப் படமெடுக்கின்றனர். சீகிரிய ஓவியங்களைப் படமெடுக்க அனுமதியில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த அக்கோட்டையில் நடைத்தொடருக்கு உரிய பொருள் ஒன்று உண்டு: ஏறுவழியை ஒட்டி நிற்கும் கண்ணாடிச் சுவர். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அங்கு வந்தவர்கள் ஓவியப் பெண்களைப் பார்த்து எழுந்த உணர்வை அச்சுவரில் பாடலாகக் கீறி, பலர் தம் பெயரையும் ஊரையும் எழுதிச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களை 1956இல் பதிப்பித்தார். வழிநடந்து வந்தவர்கள் தம் வருகையைத் தாமே பதிவுசெய்த இடம் என்னும் அளவில், வடக்கு வீதியில் பதிவின்றி மறைந்தோருக்கு நேர்மாறான சான்று அச்சுவர்.

தம்புள்ளைக்கு அருகே கூட்டம் நாடாத இரு இடங்கள் நடப்போருக்கு மேலும் பயன்தரும். இப்பன்கட்டுவைப் பெருங்கற்கால ஈமக்காடு, கற்பலகைகளை நிறுத்தி மூடுகல்லிட்ட பேழைகளில் இறந்தோரின் சாம்பலையும் கலங்களையும் வைத்த, கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய இடுகாடு. ஆதிச்சநல்லூரையும் புதுக்கோட்டைப் பகுதியின் கல்வட்டங்களையும் அறிந்த தமிழர் அங்கே உறவை உணர்வர். பொப்ஹம் தாவரவனமோ, தேயிலைத் தோட்டத்துரையாயிருந்த சாம் பொப்ஹம் 1963இல் தொடங்கியது. வெட்டப்பட்ட உலர்வலயக் காட்டில் மரங்களை நட்டு வளர்ப்பதைவிட, பற்றைகளை நீக்கித் தானாக முளைக்கும் மரக்கன்றுகளுக்கு இடமளித்தால் காடு மீளும் என அவர் நம்பினார், அது மீண்டது. வடக்கு வீதியின் பயணிகள் கடந்த காடு எத்தகையது என்பதை இன்று கண்டறிய அவ்வனத்தின் நடைபாதைகளே ஏற்றவை.

கிழக்கே இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புர செல்லும் வீதி வேறொரு வகை நடைக்கு உரியது. தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் சரிவுகளில் ஏறி, முகில் படியும் குட்டைமரக் காட்டைத் தொட்டு, மறுபுறம் இறங்கும்போது சில கிலோமீற்றருக்குள்ளேயே நிலம் உலர்ந்து பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி விரிகிறது. பத்தனை என்பது மலைநாட்டு இயற்கைப் புல்வெளி; இங்கே பாறைமீது மெல்லிய மண் மட்டுமே படிந்திருப்பதால் மரம் வேரூன்றுவதில்லை. அப்பாறைகளின் நீர்கசியும் பிளவுகளில் உலகில் வேறெங்குமில்லாத தவளையினமொன்று வாழ்கிறது. மேலேயுள்ள ஈரக்காட்டில் மூக்கில் இலை முளைத்தாற்போன்ற உறுப்புடைய ஓணான் வாழ்கிறது, அதுவும் இம்மலைகளுக்கே உரியது. இவ்வுயிர்களைப் பிடித்துக் கல்லில் வைத்துப் படமெடுக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது; பத்தனையில் பாதையை விட்டு விலகி நடந்த காலடிகள் மண்ணைக் கழுவி வெறும்பாறையாக்கிவிடும். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலகமரபுரிமையானது. காட்டுக்குள் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழையும் முகிலும் மிகுதி, அட்டைக்கடியும் உண்டு. மாசி, பங்குனியில் வானம் தெளிந்திருக்கும். முகிலே தொடரின் பொருளாயின் மழைக்காலத்தையே தேரலாம். வடக்கே வஸ்கமுவ, சீகிரியாப் பக்கங்களில் வைகறை நடையில் யானைகள் எதிர்ப்படும் என்பதால் ஊரறிந்த ஒருவரைத் துணைக்கொள்ளாமல் செல்லலாகாது.

தோட்டங்களினூடே நடப்பது எல்லாவற்றினும் கடினமான தேர்வு. மாத்தளையின் பெருந்தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகிப் பல துண்டாடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பல வேலையும் இருப்பிடமும் இழந்து வடக்கே வன்னிக்கும், குடியுரிமை ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் சென்றன. முன்னோர் நடந்துவந்த வழியே அவர்கள் திரும்பிச் சென்றனர் என்பதை அவ்வீதியின் தொடர் மறக்கலாகாது. எஞ்சிய தோட்டங்களில் லயம் என வழங்கும் தொடர்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். லயத்து வாசல் ஒரு குடும்பத்தின் முற்றம். அங்கே குளிக்கவும் சமைக்கவும் உறங்கவும் வேண்டியிருக்கிறது. வறுமையின் சான்றாக அதைப் படமெடுத்துக் கொண்டுபோவது பழைய அஞ்சலட்டை வணிகத்தின் தொடர்ச்சியே. வீட்டாரின் பெயரைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் அப்பெயரோடும், எந்த ஊரிலிருந்து எத்தலைமுறையில் வந்தார்கள் என அவர்கள் சொல்லும் வரலாற்றோடும் படத்தைப் பதிவுசெய்து, ஒரு படியை அவர்களிடமே கொடுப்பது குறைந்தபட்சக் கடமை. எதனைப் படமெடுக்கலாம் என்பதை அவர்களே சொல்லும்படி விட்டால், பெரும்பாலும் தோட்டத்துக் கோயிலையும், காமன் கூத்து ஆடும் திடலையும், பாட்டன் நட்ட பலாமரத்தையும் காட்டுவர். வழிகாட்டி நூல்கள் காட்டாத மரபுச் சின்னங்கள் அவை.

வழி தீர்மானமான பின் எடுக்கும் முறை எளிது. ஒரே குவியத்தூரமுள்ள வில்லையொன்றையே தொடர் முழுவதற்கும் கைக்கொள்வது நலம். குவியத்தூரம் என்பது வில்லை எவ்வளவு அகலமாக அல்லது நெருக்கமாகப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அளவு, அது மாறாதிருந்தால் படங்களுக்கிடையேயுள்ள தொலைவை நோக்குபவர் உணர்வர். இந்நிலநேர்க்கோட்டில் ஞாயிறு விரைந்து உச்சியேறுவதால் காலை ஒன்பது மணிக்குப் பின்னும் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னும் நிழல் கடுமையாகிவிடும். அந்நேரத்தைக் குகைகளுக்கும் மண்டபங்களுக்கும் பேச்சுக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், நேரம், கருவி நோக்கிய திசை ஆகியவை குறிக்கப்படவேண்டும். அமெரிக்காவில் மார்க் கிளெட் முதலியோர் 1977 முதல் 1979 வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவைப் படங்கள் எடுக்கப்பட்ட அதே புள்ளிகளில் நின்று மீண்டும் படமெடுத்து நிலத்தின் மாற்றத்தைக் காட்டினர். மீள்படமாக்கல் எனத்தக்க இம்முறை அக்குறிப்புகள் இருந்தால் மட்டுமே இயலும். மாத்தளையில் வீதி அகலிக்கப்படுகிறது, தோட்டங்கள் துண்டாகின்றன, லயங்கள் சில தனிவீடுகளாகின்றன. பத்தாண்டு கழித்து இன்னொருவர் அதே கல்மேல் நிற்கவேண்டுமானால், இன்று நிற்பவர் அக்கல்லை எழுதிவைக்கவேண்டும்.

படங்களுக்கான விளக்கங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அமைதல் வேண்டும். வீதியோரத்து ஊரார் தம் ஊரின் படத்தைத் தம் மொழியில் வாசிக்க உரிமையுடையோர். தொடர் முடிந்ததும் அது தனியார் கணினியில் உறங்கலாகாது. 2005இல் தொடங்கப்பட்டு இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு தொகுதியும், மாத்தளையின் பாடசாலைகளுக்கும் பொது நூலகத்துக்கும் அச்சிட்ட தொகுதிகளும் சேரவேண்டும். நடந்த வழியின் வரைபடமும், படமெடுத்த புள்ளிகளின் குறிப்பேடும், பெயர்தர ஒப்பியோரின் பட்டியலும் அத்தொகுதியோடு சேர்த்தே கொடுக்கப்படவேண்டும்.